மாமியாரின் கதவு

அந்த விமானக் கம்பெனியிடம் இரண்டு தலைமுறை விமானங்கள் இருந்தன. பழையதற்குப் பணியாளர்கள் வைத்த பெயர் மாமியார். புதியதற்கு மருமகள். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, அச்சு அசலாகப் பொருந்திவிட்டது. மருமகளிடம் ஜன்னலோரப் பொத்தானைத் தொட்டால் கண்ணாடி தானே இருண்டுகொள்ளும். மாமியாரின் ஜன்னல் மறைப்போ பாதியில் சிக்கி நிற்கும். நாலு வசவு வாங்கினால்தான் மீதி இறங்கும். மருமகளின் அடுப்பு வேலை முடிந்ததும் மணியடித்துக் கூப்பிடும். மாமியாரின் அடுப்பை நாம்தான் போய்ப் போய் எட்டிப்பார்க்க வேண்டும். இருக்கைக் கைப்பிடிகளில் சிகரெட் சாம்பல் தட்டும் குழிகூட இன்னும் இருந்தது. புகைக்கத் தடை வந்து எத்தனையோ காலமாகியும், அதை மூடிவைத்தார்களே தவிர எடுக்கவில்லை. மாமியார் எதையும் தூக்கிப்போட விடமாட்டாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற வித்தியாசங்கள். சிரிக்க முடியாத வித்தியாசம் ஒன்று கதவில் இருந்தது.

விமானத்தின் ஒவ்வொரு கதவின் வயிற்றிலும் ரப்பர் சறுக்கு ஒன்று மடித்து வைத்திருக்கும். ஆபத்து என்று கதவைத் திறந்தால், அது வெளியே பாய்ந்து ஊதிக்கொள்ளும். பயணிகள் அதில் சறுக்கித் தப்பலாம். பறக்கும்போது அது தயாராக இருக்க வேண்டும். தரையில் வந்து நின்றதும் அதை அடக்கிவைக்க வேண்டும். மருமகளிடம் இதற்கு ஒரே ஒரு பிடிதான். மேலே தூக்கினால் அடங்கிவிடும், பச்சை விளக்கு எரியும். தூக்க மறந்தாலும் மோசமில்லை. வெளியிலிருந்து யாராவது கதவைத் திறந்தால், நம் ஆள்தான் வருகிறார் என்று புரிந்துகொண்டு தானாகவே அடங்கிவிடுவாள்.

மாமியாரிடம் இந்தப் பருப்பு வேகாது. அவளிடம் செய்வது ஒன்று, செய்ததைக் காட்டுவது இன்னொன்று. முதலில் குனிந்து, தரையில் மாட்டியிருக்கும் கம்பியைக் கழற்றிக் கதவோடு சேர்க்க வேண்டும். அது செய்வது. பிறகு நிமிர்ந்து, கதவின் சின்னக் கண்ணாடிக்குக் குறுக்கே கிடக்கும் சிவப்புப் பட்டையைத் தூக்கி மேலே மாட்ட வேண்டும். அது காட்டுவது. வெளியே நிற்கிறவன் கண்ணாடியைப் பார்ப்பான். சிவப்பு தெரிந்தால் கை வைக்கமாட்டான். தெரியாவிட்டால் நம்பித் திறப்பான். செய்யாமலே காட்டிவிட முடியும் என்பதுதான் அவளிடம் இருந்த ஆபத்து. சுருக்கமாகச் சொன்னால், பழைய விமானத்தில் பொய் சொல்ல இடம் இருந்தது.

ரேடியோவுக்கு இது தெரியாததல்ல. ரேடியோ என்பது கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர். விமானத்துக்குள் அறிவிப்புச் செய்யும் குரல் அப்படி. நடுவானில் விமானம் தூக்கிப் போடும்போதுகூட, "பயப்பட ஒன்றுமில்லை" என்று அவன் சொன்னால் பயணிகள் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு தூங்கப் போய்விடுவார்கள். பணியாளர்களுக்குத் தலைவன். மாமியாரோடு பல வருஷம் குப்பை கொட்டியவன். கடந்த சில வருஷங்களாகத்தான் மருமகளோடு பறந்துகொண்டிருந்தான். கை சொகுசு கண்டுவிட்டது.

அவனுடைய தங்கையின் கணவருக்கும் அவர்கள் ஊர் விமான நிலையத்தில்தான் வேலை. சாப்பாட்டு லாரி. லாரியின் பெட்டி மேலே உயர்ந்து விமானத்தின் கதவோடு வந்து நிற்கும். மாப்பிள்ளை அதன் முன்தட்டில் நின்று கதவைத் தட்டி, திறந்து, காலித் தள்ளுவண்டிகளை இறக்கிவிட்டுப் புதுச் சாப்பாட்டை ஏற்றுவார். கதவில் அவர் தட்டுவது மூன்று தட்டு, நடுவில் கொஞ்சம் இடைவெளி. அந்தத் தட்டைக் கேட்டாலே ரேடியோவுக்குத் தெரியும்.

லாரிக்காரர்கள் எல்லாரும் ரேடியோவை "சார்" என்பார்கள். மாப்பிள்ளை மட்டும் விமானத் தளமே கேட்கிற மாதிரி "மச்சான்!" என்பார். ஒருநாள் ரேடியோ அவரைத் தனியே கூப்பிட்டு, "மாப்ளே, கூட வேலை செய்யறவங்க முன்னாடி சார்னே கூப்பிடுங்களேன்" என்று சொல்லிப்பார்த்தான். மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சார்னு கூப்பிட உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. மச்சான்னு கூப்பிட நான் ஒருத்தன்தானே இருக்கேன்? அதையும் பிடுங்கிக்கிட்டா எப்படி?"

ரேடியோ அதோடு விட்டுவிட்டான். உள்ளுக்குள் அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அன்று காலை வெளியூரில், ஊர் திரும்பும் நேரத்தில், மருமகளுக்கு உடம்பு சரியில்லை. இறக்கையில் ஏதோ கோளாறு என்று ஓரங்கட்டிவிட்டு, மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பயணிகள் முகம் சுளித்தபடி ஏறினார்கள். முன்வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் வரும் வழியெல்லாம் விடாமல் புலம்பினார். "புது விமானம்னு படம் போட்டுத்தானே டிக்கெட் வித்தீங்க? இது என்ன, காயலான் கடையில இருந்து ஓட்டிட்டு வந்தீங்களா?" ரேடியோவுக்குச் சிரித்துச் சிரித்தே தாடை வலித்துப்போனது.

விமானம் இறங்கி வந்து நின்றது. கதவுகளை அடக்கிவைக்கும்படி ரேடியோவே ஒலிபெருக்கியில் சொன்னான். பயிற்சி முடித்து வந்து அதிக நாளாகாத சிட்டு என்ற பெண், பயணிகள் இறங்கும் இடது பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டாள். வலது பக்கம், சமையலறைக் கதவு, ரேடியோவுடையது. அவன் கதவருகே போவதற்கும், கோட்டுக்காரர் எழுந்து வந்து தோளைத் தட்டுவதற்கும் சரியாக இருந்தது.

"புகார் கொடுக்கணும்னா யாருகிட்ட கொடுக்கணும்?"

ரேடியோ அவர் பக்கம் முகத்தைத் திருப்பிப் புன்னகைத்தான். வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு மேலே போய், அகப்பட்ட சிவப்புப் பட்டையைத் தூக்கி மாட்டியது. மருமகளிடம் பழகிய கை. மேலே தூக்கினால் வேலை முடிந்தது என்பதுதான் அதற்குத் தெரியும். தூக்கியது, திருப்தியடைந்தது, இறங்கிவிட்டது. கீழே கம்பி தரையிலேயே கிடந்தது.

ஒருவர் கதவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சிட்டு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்தாள். பட்டை மேலே இருந்தது. குனிந்து கம்பியையும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ரேடியோ சார் கதவைக் குனிந்து பார்த்துச் சரிபார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "சரி சார்" என்றாள்.

மூன்று தட்டு. நடுவில் கொஞ்சம் இடைவெளி.

வெளியே கைப்பிடி திரும்பியது. கதவு அசைந்ததும் வெடிச்சத்தம் ஒன்று. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பூதம் கதவுக்கும் லாரிக்கும் நடுவே வீங்கிக்கொண்டு எழுந்தது. லாரித் தட்டின் கம்பித் தடுப்பு வளைந்தது. கதவு பாதி திறந்தபடி சிக்கி நின்றது. அந்த இடுக்கு வழியே ரேடியோ கீழே பார்த்தான். சிமெண்டுத் தரையில் மாப்பிள்ளை கிடந்தார். ஒரு கால், கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அப்போதுதான் அவன் கை மறுபடியும் மேலே போனது. பாதி திறந்த கதவின் உட்புறம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பட்டையை இழுத்து, கண்ணாடிக்குக் குறுக்கே மாட்டினான்.

ஏன் மாட்டினான்? ஆபத்து, வேறு யாரும் கிட்டே வராதீர்கள் என்று எச்சரிக்கத்தான் என்று பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிப்பார்த்தான். ஒரு தடவைகூட முழுதாக நம்ப முடியவில்லை. திரும்பியபோது சிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் பட்டையின் மேல் இருந்தது. பிறகு அவன் முகத்துக்கு வந்தது. பிறகு தரைக்குப் போனது.

அன்று மாலையே பாதுகாப்புப் பிரிவு மேடம் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு காலத்தில் அவரும் விமானத்தில் சாப்பாட்டு வண்டி தள்ளியவர்தான். யாரும் அவர் காதில் பூச்சுற்ற முடியாது என்று பெயர். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"கம்பியை எடுக்க மறந்துட்டீங்க. அது தெரியுது. பட்டை எங்க இருந்துச்சு?"

"குறுக்கே இருந்துச்சு மேடம்."

அறிவிப்புக் குரல். பிசிறில்லாமல் வந்தது. மேடம் தலையாட்டினார், கதவைப் படமெடுத்தவர்களின் படத்திலும் பட்டை குறுக்கேதான் இருந்தது. "நீ என்ன பாத்தே?" என்று சிட்டுவிடம் கேட்டார். "சார் சொன்னதுதான் மேடம். நான் சரியா பாக்கலை" என்றாள் அவள், மடியைப் பார்த்தபடி.

கணக்கு எளியது. பட்டை குறுக்கே இருந்தது என்றால் ரேடியோ ஒரு வேலையை மறந்துபோனவன். திட்டிவிட்டு மறுபடி பயிற்சிக்கு அனுப்புவார்கள். பட்டை மேலே இருந்தது என்றால், திற திற என்று கூப்பிட்டு ஒரு மனுஷனைக் கீழே தள்ளியவன். இனி வானத்தைத் தரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கால் உடைந்தது உடைந்ததுதான், உண்மையைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளுமா என்று ரேடியோ தன்னையே கேட்டுக்கொண்டான். கேட்கும்போதே, இது அயோக்கியனின் கேள்வி என்றும் தெரிந்துதான் இருந்தது.

மருத்துவமனைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனான். மாப்பிள்ளையின் காலைக் கட்டுப்போட்டுத் தூக்கி வைத்திருந்தார்கள், தலையிலும் கட்டு. தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கணவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பயம் வந்தால் அழுகை வராது, வசவுதான் வரும்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு? அவ்ளோ பெரிய சிவப்புப் பட்டை குறுக்கே கிடந்துச்சாமே, தெரியலையா? மச்சான் கதவுதானேன்னு உரிமையா திறந்துட்டாரு போல. நீயே கேளு அண்ணா!"

"விடும்மா. அவரே வலியில இருக்காரு."

"நீ அவரை விட்டுக்கொடுக்கவே மாட்டியே. உன்னாலதான் இந்த ஆளு கெட்டுப்போனாரு."

ரேடியோ ஆப்பிள் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்தார்.

"மன்னிச்சிருங்க மச்சான். உங்களுக்கும் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன். தட்டினது ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுமே ஞாபகம் இல்லை."

சொல்லிவிடு என்றது மனசு. சொல்ல வாயெடுத்தபோது நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். ரேடியோ அந்த நர்ஸுக்கு மனசுக்குள் நன்றி சொன்னான். அதற்காகவும் பிறகு வெட்கப்பட்டான்.

அடுத்த தடவை போனபோது மாப்பிள்ளையைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். தங்கை இல்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கெட்ட செய்தியை முழுதாகத் தெரிந்துகொண்டவனின் தெளிவு.

"ஞாபகம் வந்துருச்சு மச்சான்."

ரேடியோ நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான்.

"சிவப்பாத்தான் இருந்துச்சு. கண்ணை மூடினா தெரியுது. கனவுல கூட வருது, குறுக்கே கிடக்கு, நான் பாத்துட்டேதான் கைப்பிடியைத் திருப்புறேன். அந்த மேடம் வந்தாங்க. ஆமா, பாத்துட்டுத்தான் திறந்தேன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க ஏன் பொய் சொல்லப் போறீங்க?"

"மாப்ளே…"

"வேலை போயிரும். சிவப்பைப் பாத்தும் திறந்தவனை விமானத்துக்குப் பக்கத்துல விடக்கூடாது, அது நியாயம்தான். அதுகூட பரவாயில்லை மச்சான். புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நான்தானே சொல்லிக்கொடுப்பேன், கண்ணாடியைப் பாக்காம கை வைக்காதீங்கடான்னு? அப்படிப்பட்ட நானே எப்படித் திறந்தேன்? இப்பல்லாம் என் கண்ணை நானே நம்பறதில்லை. நர்ஸ் மாத்திரை கொடுத்தா, இது சரியான மாத்திரையான்னு பக்கத்துப் படுக்கைக்காரர்கிட்ட காட்டிக் கேக்கறேன். அவரு பாவம், கண்ணுல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவரு."

சொல்லிவிட்டு மாப்பிள்ளை சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் ரேடியோவால் தாங்க முடியவில்லை. காலை உடைத்தது மறதி. அதை மன்னிக்க ஒருவேளை வழி இருக்கலாம். ஒரு மனுஷனின் கண்ணையே பிடுங்கி, இல்லாத சிவப்பை அதில் தடவிக் கொடுத்தது மறதியல்ல. குரலை நம்பினார், மச்சானை நம்பினார், அந்த நம்பிக்கையில் தன் ஞாபகத்தையே திருத்தி எழுதிக்கொண்டுவிட்டார். ரேடியோ வெளியே வந்து ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு எழுந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனான்.

"பட்டை மேலே இருந்துச்சு மேடம். நான்தான் அப்புறம் இழுத்துக் குறுக்கே மாட்டினேன்."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க தங்கச்சி அழுதாங்களா?"

"மேடம்?"

"எனக்குப் புரியுது. மாப்பிள்ளைக்கு வேலை போகப்போகுது, நீங்க பழியை ஏத்துக்கப் பாக்கறீங்க. நல்ல மனசுதான். ஆனா அடிபட்டவரே சிவப்பைப் பாத்தேன்னு சொல்றாரு. படம் இருக்கு. நீங்களும் அன்னிக்கு அதைத்தான் சொன்னீங்க, எவ்ளோ தெளிவா சொன்னீங்க! இப்ப வந்து மாத்தினா நான் எதை நம்பறது?"

பொய் சொன்ன அன்று நம்பிய ஊர், உண்மை சொல்ல வந்த அன்று அவனைத் தியாகி என்கிறது. வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நல்ல பேர் முழுவதும் அந்தப் பொய்க்குக் காவலாக நின்றது. விழுந்து விழுந்து சொன்னான். கோட்டுக்காரரைப் பற்றிச் சொன்னான், கை எப்படி மேலே போனது என்று எழுந்து நின்று செய்து காட்டினான். குரல் உடைந்து கரகரத்தது. மேடம் அனுதாபத்தோடு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க மேடம்" என்றான் கடைசியில். "அவ மேல தப்பில்லை. நான் மூத்தவன்னு என்னை நம்பிட்டா. அதை மட்டும் எழுதிக்குங்க. ஆனா அவளுக்குத் தெரியும்."

சிட்டு வந்தாள். உள்ளே நுழைந்ததுமே ரேடியோவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். மேடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"மேலே இருந்துச்சு மேடம்" என்றாள். பிறகு, இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்த்து விசும்பத் தொடங்கினாள். "மேலே இருந்ததாலதான் நான் சரின்னு சொன்னேன். கீழே பாக்கலை. அப்புறம் சார் இழுத்துக் குறுக்கே மாட்டினதையும் பாத்தேன். சொல்லப் பயமா இருந்துச்சு."

மேடம் ரேடியோவுக்கு ஊற்றிக் கொடுத்த தண்ணீரை அவளிடம் நகர்த்தினார். அதன்பிறகு அவர் ரேடியோவை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நீங்க போகலாம்" என்று மட்டும் சொன்னார். சீருடையை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று அவன் கேட்டதற்கு, மேஜையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

மாப்பிள்ளை அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தார். கூடத்தில், ஜன்னலோரம், காலை முக்காலியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். தங்கை டீ கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். "என்ன அண்ணா, இந்த நேரத்துல? டியூட்டி இல்லையா?" என்று கேட்டாள். ரேடியோ டீயைத் தொடவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல், ஒன்று விடாமல் சொன்னான். கம்பியை எடுக்காதது, பட்டையைத் தூக்கியது, மறுபடி இழுத்து மாட்டியது, மேடத்திடம் பொய் சொன்னது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றது. எல்லாம்.

மாப்பிள்ளை முதலில் நம்பவில்லை. "எனக்காகச் சொல்றீங்களா மச்சான்?" என்றார்.

"இல்லை மாப்ளே. அந்தப் பொண்ணும் சொல்லிட்டா. உங்க மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க. வேலைக்கு வரச்சொல்லி உங்களுக்கே தகவல் வரும்."

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்போ பட்டை மேலதான் இருந்துச்சா?"

"மேலதான் இருந்துச்சு."

"நான் பாத்துத்தான் திறந்தேனா?"

"பாத்துத்தான் திறந்தீங்க."

மாப்பிள்ளை மனைவியின் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. "கேட்டியா? பாத்திருக்கேன். நான் ஒழுங்காத்தான் பாத்திருக்கேன். என் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லை" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். தங்கை அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வசவுக்குப் பேர்போன வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அண்ணனை அவள் பார்த்த பார்வைக்கு, அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, அவன் தொடாமல் வைத்திருந்த டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடிக்கவாவது செய்வார் என்று ரேடியோ காத்திருந்தான். மாப்பிள்ளை சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலை முக்காலியில் சரியாக நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். இனி உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் இல்லாததால் ரேடியோ எழுந்தான்.

"வரேன் மாப்ளே."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லாத, மரியாதையான பார்வை. தளத்தில் மற்ற லாரிக்காரர்கள் எல்லாரும் அவனை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"சரி சார்" என்றார். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

ரேடியோ வெளியே வந்து கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு, உண்மையிலேயே சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்தான்.